எக்ஸ்டென்ஷன் நின்னு போச்சா? உடனே இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள்

சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். அன்றைக்குக் காலையில் பனியன் கம்பெனி ஆபீஸ் எதிலிருந்து போன் வந்தாலும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற எனக்கு அடிவயிறு கலங்கும். சில மாதங்களுக்கு முன் அப்படி வந்தது பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு காம்பாக்டிங் யூனிட்டிலிருந்து, அதாவது பனியன் துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்துகிற இடத்திலிருந்து. பில் போடுகிற அம்மிணி பேசினார்.

"ஏனுங்ணா, நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்ணா. காலைல பிரௌசர் அப்டேட் ஆச்சு, விளம்பரத்தை நிறுத்தற எக்ஸ்டென்ஷன் இனி ஓடாதுன்னு வந்துச்சு. அதே பேருல இன்னொன்னு இருந்துச்சு, போட்டுட்டனுங்க. இப்ப எதைத் தேடுனாலும் வேற எங்கியோ இழுத்துட்டுப் போவுதுங்ணா."

"பேங்க் பக்கம் எதாச்சும் தொறந்தியா அம்மிணி?"

"சம்பளம் போடோணுமில்லீங்ணா. தொறந்துதான் வெச்சிருக்கறேன்."

நெட் கேபிளை உருவச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் மொத்தம் 11 எக்ஸ்டென்ஷன், அதாவது பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்கிற குட்டி புரோகிராம்கள். புதிதாக வந்ததன் படம் பழையதைப் போலவே ஒரு கேடயம், பேரில் ஒரே ஒரு சொல் கூடுதல். விவரத்தைத் திறந்தால் அனுமதி என்ற இடத்தில், எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. இந்த வரியை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் ஏதோ சட்ட வாசகம் என்று தாண்டிவிடுகிறார்கள். பேங்க் பக்கத்தில் நீங்கள் அடிக்கிற பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அது பார்க்க முடியும், பக்கத்தில் தெரிகிற கணக்கு எண்ணைக்கூட மாற்றிக் காட்ட முடியும் என்பதுதான் அதற்கு அர்த்தம். விளம்பரத்தைத் தடுக்கிற நல்ல எக்ஸ்டென்ஷன்களும் பெரும்பாலும் இதே அனுமதியைத்தான் கேட்கும். அதனால் அனுமதியை மட்டும் வைத்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. யார் கேட்கிறார்கள் என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

பழையது ஏன் செத்தது? மில் கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்த்து உள்ளே விடுகிற மாதிரிதான் பழைய விளம்பரத் தடுப்பான்கள் வேலை செய்தன. பக்கம் அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையும் எக்ஸ்டென்ஷன் கையில் ஏறி இறங்கும். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது முறையில், எந்தெந்த வண்டியை விடக்கூடாது என்ற பட்டியலை எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கேட்டில் நிற்பது குரோமே. பழைய முறையில் எழுதியவற்றை குரோம் 2024 அக்டோபரிலிருந்து படிப்படியாக முடக்க ஆரம்பித்து, 2025 நடுவில் முழுதாக நிறுத்தியது. இது புதிதும் அல்ல. 2017 நவம்பர் 14 அன்று ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோதும் பழைய வகை ஆட்-ஆன்கள் (ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷனுக்கு அதுதான் பேர்) ஒரே நாளில் மூட்டை கட்டின.

இப்படி ஒன்று சாகிற சமயம் பார்த்துத்தான் போலிகள் வியாபாரம் செய்கின்றன. எக்ஸ்டென்ஷன்களை இறக்குகிற குரோம் ஸ்டோரில் இருப்பதால் மட்டும் ஒன்றை நம்பிவிட முடியாது. 2017-இல் ஆட்பிளாக் பிளஸ் என்ற பிரபல விளம்பரத் தடுப்பானின் பேரிலேயே ஒரு போலி, அந்த ஸ்டோரில் சுமார் 37,000 பேரை ஏமாற்றியது. அடுத்த ஆண்டு, விளம்பரத் தடுப்பான் தயாரிக்கிற ஆட்கார்ட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன ஐந்து போலித் தடுப்பான்களை மொத்தம் இரண்டு கோடிப் பேருக்கு மேல் போட்டிருந்தார்கள். பேர்க் குழப்பம் வேறு. யூபிளாக் ஆரிஜின் என்பது ரேமண்ட் ஹில் என்பவர் எழுதிய விளம்பரத் தடுப்பான். வெறும் யூபிளாக் வேறு ஆட்களுடையது. ஆரிஜினுக்குக் குரோமில் இப்போதைய மாற்று, அதே ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட். பழையதை விட வசதி கொஞ்சம் குறைவு. முழு ஆரிஜினே வேண்டும் என்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது. நான் அம்மிணிக்கு லைட்டைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஸ்டோரில் தேடாமல், டெவலப்பரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிற லிங்க் வழியாகப் போனேன். ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நல்லதாக இருந்தது கை மாறிக் கெட்டதும் உண்டு. திறந்து கிடக்கிற டேப்களைத் தூங்கவைத்து மெமரி மிச்சம் பிடிக்கிற தி கிரேட் சஸ்பெண்டரை 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-இல் அதை வேறு யாருக்கோ விற்றார்கள். 2021 பிப்ரவரியில் மால்வேர், அதாவது கெடுதல் செய்கிற நிரல், இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. அந்த வேலையை இப்போது குரோமின் மெமரி சேவரே செய்கிறது, தனியாக எதுவும் வேண்டாம். மாற்று தேடும் முன் நான் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: பிரௌசரிலேயே இருக்கிறதா? முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் உண்டு. பிடிஎஃப் எடுக்க பிரிண்ட் போதும். தமிழில் டைப் அடிக்க விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது.

ரிமூவ் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடக்கப்பட்ட எக்ஸ்டென்ஷனுக்குள் உங்கள் குறிப்பும் பட்டியலும் அப்படியே கிடக்கும். ரிமூவ் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். 2019 மே 4 அன்று ஒரு சான்றிதழ் காலாவதியானதில் உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன்கள் முடங்கின. நீக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டாம், தரவு போய்விடும் என்று ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கிற மொசில்லா அப்போது எச்சரித்தது. சும்மா இருந்தவர்களுக்குச் சரிசெய்த பதிப்பு வந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. பொறுமை இல்லாமல் அமுக்கினவர்கள் பாடுதான் திண்டாட்டம். டெவலப்பர் புது வெர்ஷன் விடுகிறாரா என்று ஒரு வாரம் பாருங்கள்.

"அப்டேட்டையே நிறுத்திப் போடுங்களேன்" என்றார் பக்கத்தில் நின்ற முதலாளி. பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைக் கேட்கிறார்கள். முடியாது என்றேன். பேங்க் வேலை நடக்கிற மெஷினில் பழைய பிரௌசர் என்பது தாழ்ப்பாள் இல்லாத கதவு.

போலியை எடுத்த பிறகு பாஸ்வேர்டுகளை அந்த மெஷினில் மாற்றவில்லை, என் லேப்டாப்பில் மாற்றினோம். முதலில் மெயில், பிறகு பேங்க், பிறகு ஜிஎஸ்டி, இ-வே பில். யுஎஸ்பியில் எப்போதும் சொருகியே கிடந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கழற்றி மேசை டிராயருக்குள் வைக்கச் சொன்னேன். கிளம்பும்போதுதான் ஒன்று தட்டியது. ஆபீஸ் பிரௌசரில் லாகின் ஆகியிருந்தது முதலாளியின் கூகுள் அக்கவுண்ட். வீட்டுக்குப் போன் போட்டுப் பையனின் லேப்டாப்பைப் பார்க்கச் சொன்னால், அதே கேடயம் அங்கேயும் உட்கார்ந்திருந்தது. ஒரே அக்கவுண்டில் இருக்கிற எல்லா மெஷினையும் ஒரே மாதிரி வைக்கிற சிங்க் வழியாகக் காலையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கேயும் எடுத்து, சிங்க் அமைப்பில் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அணைத்தோம்.

பதினொன்றில் எட்டை அன்றைக்கே கழித்தோம். ஒவ்வொன்றையும் காட்டி "இது எதுக்கு அம்மிணி?" என்று கேட்டால் பாதிக்குப் பதிலே இல்லை. ஒன்றுக்கு மட்டும் பிடிவாதம். புது டேப் திறந்தால் ராகு காலம், எமகண்டம் காட்டுகிற எக்ஸ்டென்ஷன். அதுவும் எல்லாத் தளங்களையும் படிக்கிற அனுமதி வாங்கி வைத்திருந்தது.

"அதைப் பாக்காம நான் பில்லே போடமாட்டனுங்ணா."

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரைக் காட்டினேன். ஜவுளிக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, புதன்கிழமையோடு கிழிக்காமல்.