இன்டெக்ரினுக்குப் பசை பூசாதீர்கள்

பல் மருத்துவமனை ஒன்றில் காத்திருந்தபோது ஈறு நலம் பற்றிய தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். 'ஈறு செல்களின் ஒட்டுப்பசைப் புரதம்' என்று அதில் மூன்று இடங்களில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் படித்துவிட்டு, "தம்பி, இந்தப் பசை எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. பல்லுக்குப் பக்கத்தில் பசை என்று எழுதினால் பற்பசைதான் நினைவுக்கு வரும். இந்தப் 'பசைப் புரத'த்தை நான் பார்ப்பது முதல் தடவையும் இல்லை.

மூலச்சொல் இன்டெக்ரின். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழுவினர் வைத்த பெயர். 'முழுமை' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. செல்லுக்கு வெளியே உள்ள வலையையும் உள்ளே உள்ள சட்டகத்தையும் சவ்வின் குறுக்கே நின்று இணைப்பதால் அந்தப் பெயர். ஆல்பா ஒன்று, பீட்டா ஒன்று என இரு சங்கிலிகள் சேர்ந்தால் ஓர் இன்டெக்ரின். மனித உடலில் 24 சேர்க்கைகள். வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'ஒருங்கிணைப்பி' என்பவர்களும் உண்டு. விழாவுக்கு நாற்காலி ஏற்பாடு செய்பவர்போல் ஒலிக்கிறது, வேண்டாம்.

பசைக்கு வருவோம். தடவினால் காய்ந்து இறுகுவது பசை. இன்டெக்ரின் பற்றும், விடும், மறுபடி பற்றும். இரத்தத்தில் மிதக்கும் வெள்ளையணுக்களில் பீட்டா2 வகை இன்டெக்ரின் மடங்கியே கிடக்கிறது. ஈற்றில் கிருமி புகுந்த செய்தி வந்த பிறகே நிமிர்ந்து, இரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து, வெள்ளையணு வெளியேற வழி செய்கிறது. அது பசையாக இருந்தால் வெள்ளையணுக்கள் போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறவியிலேயே இந்த பீட்டா2 குறைபட்ட குழந்தைகளின் இரத்தத்தில் வெள்ளையணு ஏராளமாக இருந்தும் ஈற்றுக்குப் போய்ச் சேராது. பால்பற்கள் சீக்கிரமே ஆடி விழுந்துவிடும்.

ஈறு பல்லைத் தொடும் விளிம்பையே பாருங்கள். அங்குள்ள செல்கள் ஓயாமல் உதிர்ந்து புதிதாகின்றன; ஆனாலும் ஆல்பா6 பீட்டா4 இன்டெக்ரின் பல்லின் மேல் படிந்த லேமினின் என்னும் புரதத்தைப் பிடித்திருப்பதால் விளிம்பு பிரிவதில்லை. அதே இடத்தில் இருக்கும் ஆல்பாவி பீட்டா6 என்னும் இன்னோர் இன்டெக்ரின், அழற்சியை அடக்கும் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. பீட்டா6 இல்லாத எலிகளுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தது. எந்தப் பசை இந்த வேலையைச் செய்யும்?

நமக்குப் பற்று என்ற சொல் இருக்கிறதே. பற்றுக்குறடு இறுக்கும், தளர்த்தும். பாகற்கொடியின் சுருளைப் பள்ளிப் பாடநூல் பற்றுக்கம்பி என்கிறது. கொம்பு தட்டுப்பட்டது தெரிந்துதான் அது சுற்றுகிறது. செல்லுக்கு வரும் செய்தியை வாங்கும் புரதமான ரிசப்டருக்கு ஏற்பி என்பது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் பற்றேற்பி: பிடிக்கவும் செய்கிறது, செய்தியை ஏற்கவும் செய்கிறது. வங்கிக் கணக்கிலும் பற்று உண்டே என்று ஒரு நண்பர் குறுக்கிட்டார். ஈறு பற்றிப் படிக்கிறவர் அதை வங்கிப் பற்று என்று எண்ணப்போவதில்லை.

தனித்தமிழ் வெறி எனக்கு இல்லை. இன்சுலினை இன்சுலின் என்றே எழுதுகிறோம். இன்டெக்ரினும் அப்படியே இருக்கட்டும், அது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பம் எந்த இனம் என்று சொல்ல வரும்போதுதான் தமிழ் வேண்டும். என் கோபம், அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று ஒரு பத்தியும் படிக்காத மொழிபெயர்ப்பாளர்மீது. அந்தத் தாளில் 'செல்கள் பசையை இழந்தால் ஈறு வறண்டுவிடும்' என்றொரு வரியும் இருந்தது. மூலத்தில் வறட்சி இருந்திருக்க வழியே இல்லை. பிடி தளர்ந்து ஈறு பல்லை விட்டு விலகும் என்பதே விஷயம்.