ஒட்டுதல் அல்ல, பற்றுதல்

எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, நோய்க்கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) என்று பேச்செடுத்தாலே ‘ஒட்டுதல்’ வந்துவிடுகிறது. 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிற ஊர் குன்னூர். தடுப்பூசி இங்கே வீட்டுப் பேச்சு. இங்கே நடந்த அறிவியல் கூட்டத்தில் தந்த தாளிலும் ‘எதிர்ப்பொருளின் ஒட்டுதலைக் கட்டுப்படுத்தி, மீண்டும் பயன்படும் உயிருணரி’ என்றே இருந்தது. உயிருணரி என்றால் எதிர்ப்பொருள் போன்ற உயிர்மூலக்கூறைக் கொண்டு ஒரு பொருளின் அளவைக் காட்டும் கருவி. ஒட்டியது எப்படி மீண்டும் பயன்படும்?

ஆங்கிலத்தில் பைண்டிங். ‘கட்டு’ என்று பொருள்படும் ஜெர்மானிய வேர். வடமொழி ‘பந்தம்’ அதற்கு உறவு. அவ்வளவுதான்.

ஒட்டுதல் என்றதும் பசைதான் நினைவுக்கு வரும். எதிர்ப்பொருளிடம் பசை இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னேற்ற ஈர்ப்பு என்று மெல்லிய விசைகள் பல சேர்ந்த பிடி அது. பிடிக்க ஒரு வேகம், விட ஒரு வேகம். எங்கள் தேயிலைக் காட்டு அட்டை காலைக் கவ்வும். உப்பைத் தடவினால் விட்டுவிடும். ஆய்வகத்திலும் அமிலக் கரைசலையோ செறிந்த உப்புக் கரைசலையோ ஓடவிட்டுத்தான் பிடியை விடுவிக்கிறார்கள். ஆனால் அடிக்கடி கழுவினால் எதிர்ப்பொருள் கெடும். உடலுக்குள் வைக்கும் உணரியில் அப்படிக் கழுவவும் முடியாது. பிடி இறுகினால் இன்னொரு தொல்லை: அளக்க வேண்டிய பொருள் இரத்தத்தில் குறைந்த பின்னும் உணரி பழைய அளவையே காட்டும். அதனால்தான் அந்தப் பொருளைப் போன்ற போட்டி மூலக்கூறு ஒன்றை எதிர்ப்பொருளின் பக்கத்திலேயே கட்டிவைத்து, சீக்கிரம் விடவைக்கப் பார்க்கிறார்கள். விடுவதுதான் இங்கே முழுச் சங்கதியும். அதை ‘ஒட்டுதல்’ மறைத்துவிடுகிறது.

‘பிணைப்பு’ என்பார்கள் சிலர். பள்ளிப் புத்தகத்தில் அது வேதிப்பிணைப்புக்குப் போய்விட்டது. சகப்பிணைப்பும் இதுவும் ஒன்றுதான் என்று மாணவன் நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. ‘இணைப்பு’ மின்வாரியத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இருக்கட்டும்.

‘பற்று’ என்றால் கூடவே ‘விடு’ வரும். மஞ்சள் பற்று போடுவதும் ஒட்டுவதுதானே என்று கேட்கலாம். அது பூச்சு, பெயர்ச்சொல். ‘பற்றினான்’ என்றால் கையால் பிடித்தான் என்றுதான் யாருக்கும் புரியும். அப்புறம் பற்றுவேகம், விடுவேகம், பற்றுவலிமை என்று குடும்பமே வந்துவிடுகிறது. ‘ஒட்டுவேகம்’ என்று எழுதிப் பாருங்கள், சுவரொட்டி ஒட்டுகிறவர்தான் நினைவுக்கு வருவார்.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு, பொருள் என்ன வேலை செய்கிறது என்றே பார்க்காத மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். அந்தத் தாளின் வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘எதிர்ப்பொருள் பற்றுவதையும் விடுவதையும் கட்டுப்படுத்தி, மீண்டும் பயன்படும், விரைந்து காட்டும் உயிருணரி.’