நாய்ஸ்: இரைச்சல் அல்ல, கலங்கல்

போன மார்கழியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. பறவைப் படம் எடுக்கப் பழகும் கல்லூரிப் பெண் ஒருத்தி கூட வந்திருந்தாள். மணி எட்டாகியும் பனி விலகவில்லை. வேலியோரச் செம்பருத்திக்குள் ஒரு தையல்சிட்டு. ஐஎஸ்ஓவை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, 6400-இல் வைத்தும் ஷட்டர் வேகம் 1/500 நொடிதான் கிடைத்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் குருவியின் வெளிர்ந்த வயிறெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். "சார், இரைச்சலைக் குறைக்கணும்னு தமிழ்க் குறிப்புல படிச்சேன். ஷட்டர் சத்தத்தை அப்பவே நிறுத்திட்டேனே!" என்றாள்.

அவள் மேல் தப்பே இல்லை. இந்தப் புள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் நாய்ஸ் என்று பெயர்; அதைத்தான் அந்தத் தமிழ்க் குறிப்பு 'இரைச்சல்' என்று எழுதியிருந்தது. தமிழ் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

நாய்ஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே கூச்சல், சச்சரவு என்று பொருள். தொலைபேசியிலும் வானொலியிலும் பேச்சோடு கலந்து வந்த கரகரப்புக்கு அந்தப் பெயர் பொருந்தியது. மின்சுற்றில் இருக்கும் மின்தடையத்துக்குள் (ரெசிஸ்டர்) வெப்பத்தால் எழும் இந்தத் தடுமாற்றத்தை ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் விளக்கினார்கள். பிறகு காதுக்குக் கேட்காத தடுமாற்றங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அது ஆங்கிலம் வந்த வழி. தமிழ் ஏன் அதே வழியில் நடக்க வேண்டும்? கடல் இரைகிறது, சந்தை இரைகிறது, வயிறுகூட இரைகிறது. படம் இரையாது. அதிலும் பறவைப் படக்காரர்களுக்கு நிஜமான இரைச்சல் ஒன்று உண்டு: ஷட்டர் சத்தம். பத்தடியில் இருக்கும் தேன்சிட்டு அதைக் கேட்டுப் பறந்துவிடும். ஒரே வேலையில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பழகுகிறவர் என்ன செய்வார்? அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நாளாவது கேமராவோடு தோப்பில் நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

'குருணை' என்பாரும் உண்டு. நல்ல சொல், ஆனால் பிலிமுக்கு உரியது. அங்கே வெள்ளி மணிகள் உண்மையாகவே இருந்தன. டிஜிட்டல் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரில் அப்படி எதுவும் கிடையாது. ஒளி சீராக ஊற்றாமல் சாரல் போலத் தெறிக்கிறது. சராசரியாக 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழும் இடத்தில் அடுத்தடுத்த புள்ளிகளில் 90, 110 என்று ஏறி இறங்கும். பத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, நூற்றில் ஒரு பங்குதான். மங்கலான வெளிச்சத்தில் படம் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். பழியை மட்டும் ஐஎஸ்ஓ சுமக்கிறது.

இதற்கு நான் சொல்லும் சொல் கலங்கல். தென்பெண்ணையில் புதுவெள்ளம் வந்தால் "தண்ணி கலங்கலா வருது" என்கிறோம். தண்ணீர் இருக்கிறது, கூடவே மண்ணும் இருக்கிறது. படத்திலும் குருவி இருக்கிறது, கூடவே வேண்டாதது கலந்திருக்கிறது. குவியம் தப்பினால் மங்கல், கை ஆடினால் அசைவு, இது கலங்கல். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாது. ஏரியில் உபரி நீர் வழியும் கலங்கல் வேறே என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வசதி, எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது: தெளிதல். மென்பொருள் செய்வதைத் 'தெளிவித்தல்' என்று சொல்லிவிடலாம். குடத்தின் உள்ளே தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய வைத்தவர்கள்தானே நாம்.

அன்றைக்கு அவளிடம் இப்படிச் சொன்னேன்: "படம் கலங்கலா இருக்கு. வெயில் வரட்டும், இல்லேன்னா அது கிளையில உட்காரும்போது 1/125-ல எடு, வெளிச்சம் நிறைய விழும்." ஷட்டர் சத்தத்தைத் திரும்பப் போடாமலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு செம்பருத்தி பக்கம் நகர்ந்தாள்.