மாவாவில் சுண்ணாம்பு எதற்கு?

மும்பையில் மாவா என்று விற்பது சீவிய கொட்டைப்பாக்கும் புகையிலையும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் முடிந்து தருவார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். தமிழர் நிறைந்த தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ வளரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆயா வெற்றிலை போடுவதையும், பக்கத்து வீட்டு மராத்தி அம்மா மிஷ்ரியால் பல் தேய்ப்பதையும் (மிஷ்ரி என்பது வறுத்துப் பொடித்த புகையிலை) பார்த்தே வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் "போதைப்பொருள்" என்று பேசினால் அதன் மனதில் ஊசியும் பவுடரும்தான் வரும். மாவா வராது.

புகையிலையில் உள்ள நிகோடின் காரத்தன்மை குறைந்த இடத்தில் மின்னேற்றத்தோடு இருக்கும். அப்படி இருக்கும்வரை கன்னத்தின் உட்தோலைக் கடக்கத் திணறும். சுண்ணாம்பு காரம், அது சேர்ந்ததும் நிகோடின் மின்னேற்றத்தை இழந்து, கொழுப்பாலான செல்சவ்வுக்குள் நழுவிவிடுகிறது. காரத்தன்மையை அளக்கும் பிஎச் எண் 7 ஆக இருக்கையில், அதாவது எச்சிலின் இயல்பு நிலையையொட்டி, இப்படி நழுவக்கூடியது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பிஎச் 8-இல் பாதி. 9-ஐத் தொட்டால் பத்தில் ஒன்பது. புகையிலையின் அளவு கூடாமலே, உள்ளே போகும் நிகோடின் பல மடங்காகிறது. சுண்ணாம்பு மிஞ்சினால் வாய் வெந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதும் சரிதான். வெந்த தோல் இன்னும் எளிதாக வழிவிடும்.

இரத்தத்தில் கலந்த நிகோடின் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருளுக்கு உரிய ஏற்பிகளில் உட்கார்ந்து, மறுபடி வேண்டும் என்று தூண்டும் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. தினமும் நடந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. அவை காலியாகும் நேரத்தில் எரிச்சல், படபடப்பு, பாடத்தில் மனம் ஒட்டாமை. ஒரு சிட்டிகை போட்டதும் தெளிகிறது. "மாவா போட்டால் கவனம் வருது" என்று பிள்ளை நம்புவது இதனால்தான். கவனத்தைக் கெடுத்ததும் அதே மாவா என்பது தெரிவதில்லை. ஆசையை நிறுத்திப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டவேண்டும். பன்னிரண்டு வயதில் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

புகையிலை இல்லாத பாக்குப் பொட்டலம் ஆபத்தில்லை என்ற நினைப்பு பல வீடுகளில் இருக்கிறது. தவறு. பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், வாயின் அடித்தோலில் கொலாஜன் நாரைக் கூடுதலாக நெய்ய வைக்கிறது. பாக்கின் செம்பு அந்த நாரை இறுக்குகிறது. முதல் அறிகுறி, வழக்கமான குழம்பே வாயில் எரிவது. அடுத்து வாய் திறப்பு குறையும். சொந்த விரல் மூன்றை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடமுடிகிறதா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் நாயர் பல் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்ட வேண்டும். இறுகிய தோல் பழையபடி நெகிழ்வது அரிது. மகாராஷ்டிரத்தில் 2012-இல் குட்கா தடையானது. இப்படித் தடை வந்த பல மாநிலங்களில் பான் மசாலாவும் புகையிலையும் தனித்தனிப் பொட்டலமாக வந்தன. கலப்பது வாங்குபவர் வேலையாயிற்று.

சரி, வகுப்பில் என்ன செய்வது? அழுகிய வாய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது பெரும்பாலும் வீண். பயம் இரண்டு நாளில் வடியும். நாற்பது வயது மாமா மாவாவோடு திடமாக நடமாடுவதைப் பார்த்ததும் ஆசிரியர் சொன்னது பொய்யாகிவிடும். "எல்லாரும் போடுறாங்க" என்ற நினைப்பை உடைப்பது அதைவிடப் பலன் தரும். 2019-இல் இந்தியா முழுவதும் நடந்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயதுவரை பயன்படுத்துவோர் 8.5 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் மூன்று நான்கு பேர். முதலில் நாற்பது பேரில் எத்தனை பேர் போடுவார்கள் என்று மாணவர்களைச் சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு இதைக் கரும்பலகையில் எழுதவேண்டும்.

அடுத்தது, யாராவது மாவாவை நீட்டினால் மறுப்பதற்கான ஒத்திகை. கூட்டாளிகள் பார்க்கும்போது பிள்ளைகளின் துணிச்சல் கூடுகிறது. 2005-இல் வெளிவந்த, காரோட்டும் கணினி விளையாட்டை வைத்துச் செய்த சோதனையில் இது பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரத்தில் புதிதாக யோசித்துப் பதில் வராது, வாயில் பழகியதுதான் வரும். மும்பையில் ஒரு சங்கடம் உண்டு: ஒத்திகையைத் தமிழில் பார்ப்பார்கள், தெருவில் நீட்டுகிறவன் இந்தியில் பேசுவான். "மேரேகோ நை மாங்தா (எனக்கு வேண்டாம்), கிரவுண்டுக்குப் போறேன்" என்று பிள்ளைகள் உண்மையில் பேசும் கலவையிலேயே பழகட்டும். ஒரே வரி, ஒரே காரணம், உடனே கால் நகர வேண்டும். வாதாட நின்றால் தோல்வி. நீட்டுகிறவனாக நடிப்பவன் மூன்று முறையாவது விடாமல் வற்புறுத்த வேண்டும். ஒரே தடவையில் விட்டுவிட்டால் அது நாடகம்.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்பாவுக்கு வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவதும் கடைக்காரரை அந்தக் குற்றத்தில்தான் நிறுத்துகிறது.

ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளையை அடித்தால் மறைக்கக் கற்றுக்கொள்ளும். நிறுத்தியபின் எரிச்சல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் தணியும். தேர்வு வாரத்தில் தொடங்காமல் விடுமுறையில் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும். அதுவரை வாய்க்கு வேலை வேண்டும்: தண்ணீர், வெறும் சோம்பு. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அதே வாரம் அப்பாவும் விடுவதாக இருந்தால் இன்னும் எளிது. வீட்டில் பொட்டலம் இருந்தால், எந்த அலமாரியில் என்று பிள்ளைக்குத் தெரியும்.