பேனாக்கத்தி வாங்கும்போது கூர்மைக்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

மலையகத்தின் அரச வைத்தியசாலை ஒன்றின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் வைத்தியர் என்ற வகையில், கையில் வெட்டுக்காயத்தோடு வருபவர்களை நான் இடைவிடாது பார்த்து வருகிறேன். கவ்வாத்துக் கத்தியாலும் மன்னாக்கத்தியாலும் ஏற்படும் காயங்கள் பெரியவை என்பதால், அவற்றைக் கையாளும் கவனம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் பேனாக்கத்திக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அதை வாங்குபவர் நிறத்தையும் விலையையும் பார்க்கிறார், கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்க்கிறார், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உரச்சாக்கின் தையல் நூலைப் பிரிக்கவும், லீக்ஸ் கட்டின் கயிற்றை அறுக்கவும், நாற்றுமேடையில் துண்டங்களைச் சீவவும், வழியில் ஒரு பழத்தை நறுக்கவும் அந்தச் சிறிய கத்தி உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆகவே கத்தி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சரியான கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லவே வருகிறேன்.

பேனாக்கத்திக் காயங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். வெட்டப்படும் பொருளைப் பிடித்திருக்கும் கையில் படுவது முதல் வகை. வெண்ணெய்ப்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தி நுனியால் விதையைக் குத்தி எடுக்க முயல்வது இதற்குச் சரியான உதாரணம். கத்தி பிடித்திருக்கும் கையின் ஆட்காட்டி விரல் மீதே அலகு மடங்கி விழுவது இரண்டாம் வகை. என்னை அதிகம் வருத்துவது இதுதான். விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் தோலுக்கும் விரலை மடக்கும் தசைநாணுக்கும் இடையே சில மில்லிமீற்றர் ஆழமே உண்டு. விரலின் இரு ஓரங்களிலும் உணர்ச்சி நரம்பும் இரத்தக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. வெளியே பார்க்க ஒரு சென்ரிமீற்றர் நீளமேயுள்ள வெட்டு, உள்ளே தசைநாணை முழுதாக அறுத்திருக்க முடியும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட முடியாத ஒருவரால் கொழுந்து பறிக்க இயலாது. நிறைக்கேற்பக் கூலி கிடைக்கும் ஒரு குடும்பத்திற்கு அது என்ன இழப்பு என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

"கத்தி நல்ல கத்திதாங்க ஐயா, என் கைதான் வழுக்கிருச்சு" என்று காயத்தோடு வருபவர்கள் சொல்வதுண்டு. அந்தக் கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தால், அலகு இரு பக்கமும் ஆடும். மூடும்போது எந்தத் தடையும் இல்லாமல் தளர்ந்து விழும். கை வழுக்கியிருக்கலாம், ஆனால் விரலை வெட்டியது தளர்ந்த ஸ்பிரிங் என்றே நான் சொல்வேன்.

மரபான பேனாக்கத்தியில் பூட்டு என்று எதுவும் கிடையாது. பிடியின் முதுகுப் பக்கத்தில் தட்டையான ஸ்பிரிங் பட்டை ஒன்று உண்டு. அது அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகு முழுதாக விரிந்த நிலையிலும் முழுதாக மடங்கிய நிலையிலும் அந்த அடிப்பகுதியின் சமதளம் ஸ்பிரிங்கின் மீது படிந்து நிற்பதால்தான் கத்தி நிலைகொள்கிறது. சில கத்திகளில் பாதி வழியில், செங்கோணத்தில், இன்னொரு நிறுத்தமும் இருக்கும். அலகு தவறி மூடினாலும் அந்த நிறுத்தத்தில் ஒரு கணம் தயங்கும் என்பதால், புதிதாகக் கத்தி பழகுபவர்களுக்கு அந்த அமைப்பையே நான் பரிந்துரைக்கிறேன். இதிலிருந்து ஒரு கண்டிப்பான விதியும் பிறக்கிறது: வெட்டும் திசையில் கொடுக்கும் அழுத்தம் அலகை விரிந்த நிலையில் வைத்திருக்கும், குத்தும்போதும், சிக்கிய அலகை நெம்பி எடுக்கும்போதும் அழுத்தம் அலகின் முதுகுக்குத் திரும்பி அதை மூட முயலும். நாற்றுப் பைகளில் துளையிடுவதற்குப் பேனாக்கத்தியின் நுனியைப் பயன்படுத்துவதை, இந்த ஒரு காரணத்திற்காகவே, அடியோடு நிறுத்த வேண்டும். அதற்கு ஓர் ஆணியோ குத்தூசியோ போதும்.

கடையில் நின்றபடியே கத்தியைச் சோதிக்கலாம். எந்தக் கருவியும் தேவையில்லை. முதலில் அலகை முழுதாக விரித்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையின் இரு விரல்களிலும் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக அசையுங்கள். புதிய கத்தியிலேயே ஆட்டம் தென்பட்டால் அச்சாணி சரியாக அடிக்கப்படவில்லை என்று பொருள். பாவிக்கப் பாவிக்க அது கூடுமே தவிரக் குறையாது. அடுத்து, விரல்கள் அனைத்தையும் அலகு மூடும் பாதையிலிருந்து விலக்கி, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். உடனே மடங்கினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல ஸ்பிரிங் தெளிவாக எதிர்க்கும், குறிப்பிட்ட எல்லைக்குப் பிறகே இணங்கும், முடிவில் 'டக்' என்ற ஓசையோடு அலகை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காக நகம் பெயரும் அளவுக்கு இறுக்கமான ஸ்பிரிங்கையும் நான் நல்லதென்று சொல்லமாட்டேன். மழையிலும் குளிரிலும் விறைத்த விரல்களால் அதைத் திறக்க முடியாது, வலுக்கட்டாயமாகத் திறக்கும்போதே விரல் வெட்டுப்படும். ஆகவே கையைச் சற்று நனைத்துக்கொண்டு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கடைக்கார முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிறகு கத்தியை மூடிய நிலையில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் அதன் இருபுறத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவினால் பொருத்தம் மோசம். அந்த இடைவெளிகளில்தான் ஈரமும் மண்ணும் புகும். அலகு நடுவில் நிற்க வேண்டும், பக்கத் தகட்டை உரசக்கூடாது. நுனி பிடிக்குள் முழுதாக அடங்க வேண்டும். சிறிதளவு வெளியே நின்றாலும், சட்டைப்பைக்குள் கைவிடும்போதெல்லாம் அது விரலைக் கீறும். மூடும்போது கூர்விளிம்பு ஸ்பிரிங்கில் மோதுகிறதா என்பதையும் கவனியுங்கள். மோதினால், எவ்வளவு தீட்டினாலும் அதே இடம் மீண்டும் மீண்டும் மழுங்கும்.

பூட்டுள்ள கத்தி பாதுகாப்பானது என்ற எண்ணம் பாதிதான் சரி. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒப்பினெல் கத்தியில், 1955இல் சேர்க்கப்பட்ட சுழலும் வளையம் ஒன்று அலகைப் பூட்டுகிறது. எளிமையானதும் நம்பத்தக்கதுமான அமைப்பு அது. ஆனால் அதன் மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தென்மேற்குப் பருவமழை நாட்களில் வட்டவளையிலோ கினிகத்தேனையிலோ அதை வைத்திருப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். திருவிழாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், உள்தகடு பூட்டாக நிற்கும் பளபளப்பான கத்திகளோ வேறு வகை. அவற்றின் மெல்லிய தகடு வழுக்கிவிடும், வாங்கியவரோ பூட்டை நம்பி முழுப் பலத்தையும் கொடுப்பார். நம்பத்தகாத பூட்டை விட, பூட்டே இல்லாத உறுதியான ஸ்பிரிங் மேலானது என்பது என் உறுதியான கருத்து.

அளவைப் பொறுத்தவரை, 6 முதல் 7.5 சென்ரிமீற்றர் வரையிலான அலகு அன்றாட வேலைகள் அனைத்திற்கும் போதும். பிடி அதைவிட முக்கியமானது. நான்கு விரல்களும் பதிய இடமில்லாத பிடி, ஈரக் கையில் திரும்பிவிடும். அலகின் வடிவத்தில் எனக்குத் தெளிவான விருப்பம் உண்டு. கூர்விளிம்பு நேராகவும், முதுகு வளைந்து இறங்கி நுனி மழுங்கியும் இருக்கும் வடிவமே கயிறு, சாக்கு, தண்டு ஆகியவற்றை வெட்டப் பொருத்தமானது. அதில் குத்துக்காயங்கள் குறையும். பையில் வைத்திருப்பவரைப் பார்த்து எவரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

உருக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நமது காலநிலையை மறக்கக்கூடாது. காபன் உருக்கு எளிதில் தீட்டப்படும், மிகக் கூரான விளிம்பைத் தரும், ஆனால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். தேயிலைத் தண்டையோ பழத்தையோ வெட்டியதும் அதில் படியும் கருநீலக் கறை துரு அன்று. தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளோ பழத்தின் அமிலமோ இரும்போடு சேர்வதால் உண்டாவது அது, அதனால் தீங்கில்லை. செந்நிறமாகப் பூப்பதுதான் துரு, அதை உடனே அகற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்தும் பழக்கம் இல்லாதவர்கள் துருப்பிடிக்காத உருக்கையே வாங்கட்டும். எண்ணெய் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவின் குளிரில் கத்தியின் மூட்டுக்குள் மெழுகாகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

பிடிக்கு மரம், எலும்பு, பிளாஸ்ரிக், அலுமினியம் எதுவாயினும் சரி. உட்தகடுகள் பித்தளையாக இருந்தால் ஈரத்தைத் தாங்கும். மரைக்கொம்புப் பிடி என்று ஆசைகாட்டி விற்பதை வாங்காதீர்கள். மரை இந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதில் கண்டிப்பானது.

சுவிற்சர்லாந்தில் 1884இல் தொடங்கப்பட்ட விக்ரோறினொக்ஸின் சிவப்புக் கத்திகளை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவருவதுண்டு. அவற்றின் ஸ்பிரிங் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே சீராக இருக்கும். ஆனால் அதே நிறத்திலும் சிலுவைக் குறியிலும் போலிகளும் ஏராளம், ஆகவே அலகின் அடியில் பொறித்திருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். உள்ளூர்க் கம்மாலையில் பழைய லொறி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்த கத்தியும் நல்ல உருக்குதான். மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தயங்காமல் வாங்கலாம். பெயரை விடச் சோதனையையே நம்புங்கள்.

மழுங்கிய கத்திக்கு அதிகப் பலம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பலமே, கத்தி வழுக்கும் கணத்தில், ஆழமான காயமாக மாறும். நனைத்த தீட்டுக்கல்லில் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் சமமாகத் தீட்டுங்கள். வேகமாகச் சுழலும் சாணையில் கொடுத்தால் மெல்லிய அலகு சூடேறி அதன் உறுதியை இழக்கும். கூர்மையை விரலில் பார்க்காமல் ஒரு தாளை வெட்டிப் பாருங்கள்.

நீதிமன்றம், விமான நிலையம், பாடசாலை ஆகிய இடங்களுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொது இடத்தில் எத்தகைய கத்தியை வைத்திருக்கலாம் என்பதை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. லயத்து அறையில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரமான இடம் ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டால், தூய துணியை மடித்து வைத்து, 10 நிமிடங்கள் எடுத்து எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு நேரம் போகிறது, கிருமியும் அவற்றோடுதான் உள்ளே போகிறது. விரலைச் சுற்றிக் கயிறோ இறப்பர் வளையமோ இறுகக் கட்டவும் கூடாது. மண்ணும் எருவும் பட்ட கத்தி என்றால், கடைசியாக ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டிவரும். அந்த விபரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் நின்றதும், விரலின் நுனி மூட்டைத் தனியாக மடக்க முடிகிறதா, விரலின் இரு ஓரங்களிலும் தொடுகை தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்கு வர வேண்டும். இரத்தம் நிற்கவில்லையென்றால் 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

தோல் மூடிவிட்டது என்று வீட்டிலேயே வாரக்கணக்கில் இருந்துவிட்டு, விரல் மடங்கவில்லை என்று பிறகு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. அறுந்த தசைநாண் உள்ளே சுருங்கி விலகிவிடும்; முதல் சில நாட்களுக்குள் தைத்தால் கிடைக்கும் பலன் பின்னர் கிடைப்பதில்லை. தைத்த பிறகும் ஏறத்தாழ 6 வாரங்கள் விரல் காப்புச் சட்டத்தில் இருக்க வேண்டும், இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சிகளை அவர் சொன்ன அளவிலேயே செய்ய வேண்டும், பாரமான வேலைக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை இலகுவான வேலை தருமாறு தோட்ட நிர்வாகத்திற்குக் கொடுக்க வைத்தியச் சான்றிதழ் வேண்டுமென்று எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்.