தொண்டூழியரா, தன்னார்வலரா?

பக்கத்து வீட்டு பொண்ணு எஸ்.டி.பி.எம் (மலேசியாவுல யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கான பரீட்சை) முடிச்சிட்டு, யூனிவர்சிட்டிக்கு முன்னாடி ஒரு வருஷம் கம்போடியா போய் சின்ன பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போவுது. நல்ல விஷயம்தான். ஆனா இங்க சுங்கை சிப்புட்ல கோயில் கூட்டத்துல மைக் பிடிச்சவரு "தொண்டூழியம் செய்யப் போகும் நம் பிள்ளை"ன்னு ஆரம்பிச்சதும், அந்தப் பொண்ணோட பாட்டி பதறிப்போயி "ஊழியமா? இது எப்பய்யா சர்ச்சுல சேர்ந்துச்சு?"ன்னு கேக்குது. பாட்டி மேல என்ன தப்பு, நம்ம பக்கம் ஊழியம்னா பாஸ்டர் செய்யறதுதானே.

வாலண்டியருக்குத் தமிழ்ல தொண்டூழியர்னு சொல்றதா, தன்னார்வலர்னு சொல்றதாங்கிறதுதான் இங்க கேள்வி. வாலண்டியர்ங்கிற சொல்லுக்கு வேர் லத்தீன் 'வொலுந்தாஸ்', அதாவது மனவிருப்பம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து முதல்ல தானா முன்வந்து பட்டாளத்துல சேர்ந்தவனக் குறிச்சுச்சு, மத்த வேலையெல்லாம் அப்புறம். விருப்பம்தான் அதுல உயிர்.

தொண்டூழியர்ல அந்த உயிர் எங்க இருக்கு? தொண்டுன்னா பழைய தமிழ்ல அடிமைப்பணி, சுந்தரர் பாடுன திருத்தொண்டர்கள் சிவனுக்கு அடிமைங்க, அது பக்தி, சரி. ஊழியம்? திருவிதாங்கூர்ல கூலி குடுக்காம கட்டாயமா வாங்குன வேலைக்குப் பேரே ஊழியம்தான். ரெண்டு அடிமைச் சொல்ல ஒட்டி விருப்பத்தோட போறவங்களுக்கு பட்டம் குடுக்கறாங்க, அதுவும் ரப்பர் தோட்டத்து ஊர்ல! இங்க ஒப்பந்தக் கூலி முறை 1910ல நின்னுச்சு, கங்காணி ஆள் கட்டிக் கொண்டாந்தது 1938 வரைக்கும் ஓடுச்சு, விடியறதுக்குள்ள பெரட்டுல (வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பேர் கூப்பிடற வரிசையில) நின்னவங்களோட பேத்திக்கு இந்தப் பேரு வேணுமா?

தன்னார்வலர்னு சொன்னா நம்ம தமிழ் வாத்தியாருங்க சிலர் சண்டைக்கு வராங்க. குறள்ல "ஆர்வலர் புன்கணீர்"னு வருது, ஆர்வலர்னா அன்பு வெச்சவங்க, அப்ப தன்னார்வலர்னா தன்மேலயே அன்பு வெச்சவன்தானேன்னு. அப்படி பிரிக்காதீங்க சார், தன்னார்வம்ங்கிறதுலேர்ந்து வந்த சொல்லு அது, தன்னிச்சைன்னா தன்மேல இச்சைன்னா அர்த்தம்? மலாய்க்காரங்க பாருங்க, சுக்காரேலாவான், சுக்கான்னா விருப்பம், ரேலான்னா மனசார, வேலையப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. நம்ம மொழிபெயர்ப்பாளருங்களுக்கு மட்டும் பயம், "தன்னார்வத் தொண்டூழியர்"னு எல்லாத்தையும் சேர்த்து கட்டிடறாங்க, படிக்கறவனுக்கு மூச்சு வாங்குது. வெறும் தொண்டர்னு போட்டா எலெக்‌ஷன்ல கொடி பிடிக்கறவன்தான் ஞாபகத்துக்கு வரான்.

இன்னொன்னு, கேப் இயருக்கு, அதான் பள்ளிக்கும் யூனிவர்சிட்டிக்கும் நடுவுல எடுக்கற வருஷத்துக்கு, "இடைவெளி ஆண்டு"ன்னு போடறாங்க. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட வெளிநாட்டுக்குப் போய் வேலை செய்யறது நமக்குப் புதுசு மாதிரி பேசறோம், 1958லயே பிரிட்டன்ல தொடங்குன வி.எஸ்.ஓ, அதான் வெளிநாட்டுக்கு வாலண்டியருங்கள அனுப்பற அமைப்பு, அனுப்புன பதினெட்டு வயசு பசங்கள்ல சிலர் வந்து இறங்குனதே சரவாக்லதான். அந்த வருஷத்துல என்ன இடைவெளி? பிள்ளை தினமும் கிளாஸ் எடுக்கப் போவுது. நான் படிப்பிடை ஆண்டுன்னு எழுதறேன், ரெண்டு படிப்புக்கு நடுவுல வர்ற ஆண்டு, அவ்ளோதான். பாட்டிக்கு அதுவும் புரியல, "ஒரு வருஷம் கழிச்சு யூனிவர்சிட்டியில எடுத்துக்குவாங்களா"ன்னுதான் கேக்குது.