18 வயதுக்குப் பிறகு: ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பாதுகாவலர் சான்றும் தங்கும் இல்லமும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளில் சட்டத்தின் கண்ணில் ஒன்று மாறிவிடுகிறது. அதுவரை அம்மாவும் அப்பாவும் இயற்கைப் பாதுகாவலர்கள். அன்றோடு அந்த நிலை முடிகிறது. அதன் பிறகு வங்கியிலோ பதிவாளர் அலுவலகத்திலோ "நான்தான் இவனோட அம்மா" என்று சொன்னால் மட்டும் போதாது. பல குடும்பங்களுக்கு இது ஏதாவது ஒரு கவுன்டர் முன்னால் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

இதற்கு வழி செய்வது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) என்பது இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய அரசு அமைப்பு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது இந்தச் சட்டம். (ஆட்டிசத்துக்கு நம் அரசுப் படிவங்களில் "புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்று இருக்கும். அந்தப் பெயர் எனக்கு ஒப்புதல் இல்லை. புற உலகத்தை அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகக் கவனிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் படிவத்தில் தேடும்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.)

இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. அரசு அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அதில் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ அந்தக் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி சான்றும் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டையும் இல்லையென்றால் முதலில் அவற்றை வாங்கிவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பாதுகாவலர் வேண்டுமா, வேண்டுமென்றால் எதற்காக என்ற இரண்டையும் குழு பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். இதைப் பலர் கவனிப்பதில்லை. "எல்லாத்துக்கும் நானே" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாவல் என்பது குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் உரியது. அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதற்கானது. நிலம், வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படலாம். எந்தச் சட்டை போடுவது, யாரோடு ஒரே அறையில் இருப்பது என்பதெல்லாம் அவருடையது. பேச்சு வராதவர்கூடப் படம் காட்டி, கையைப் பிடித்து இழுத்து, மறுத்து ஒதுங்கித் தன் விருப்பத்தைச் சொல்லிவிடுவார்.

பாதுகாவலருக்குக் கடமையும் உண்டு. நியமனமாகி 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அவர் புறக்கணித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ நீக்கச் சொல்லி மனு கொடுக்கலாம்.

சரி, தங்குவதற்கு? தேசிய அறக்கட்டளையில் குறுகிய காலத் தங்கலுக்கு சமர்த், 18 வயதுக்கு மேற்பட்டோர் ஆயுள் முழுக்கத் தங்குவதற்குக் கரௌந்தா என்று இரண்டு திட்டங்கள் இருந்தன. இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே தங்கும் திட்டமாக்கியிருக்கிறார்கள். பணம் குடும்பத்தின் கையில் வராது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம்தான் நிதி பெற்று இல்லத்தை நடத்தும். அதனால் இடம் கிடைக்குமா என்பது பக்கத்தில் அப்படியொரு நிறுவனம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்தத் திட்டத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கட்டிலையும் மட்டும் பார்க்காதீர்கள். காலை எட்டு மணிக்கு அங்கே யார் தோசை ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஊழியர் ஊற்றித் தட்டில் வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அங்கே இருப்பவர்களில் ஒருவர், பக்கத்தில் ஆள் நிற்க, தானே ஊற்றினால் நேரம் ஆகும், இரண்டு தோசை கருகும். அவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்தக் கற்பது அந்த நேரத்தில்தான். கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணிக் கொடுக்க விடுகிறார்களா? அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்களா? சத்தம் தாங்க முடியாதபோது ஒதுங்கி உட்கார இடம் இருக்கிறதா? அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்தி ஒட்டியிருக்கிறார்களா? திடீரென்று போய்ப் பார்க்கப் பெற்றோரை அனுமதிக்கிறார்களா?

இவற்றை உபகாரமாகக் கேட்கவில்லை. சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமையை 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவு தருகிறது. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இல்லம் பிடிக்கவில்லை என்றால் அவர் திரும்பி வரலாம்.

அப்புறம், தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவும் இதில் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

"இன்னும் எங்களுக்குத் தெம்பு இருக்கே" என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று. தெம்பு இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் இல்லத்தில் பகலில் சில மணி நேரம், பிறகு ஓர் இரவு, பிறகு ஒரு வாரம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வையுங்கள். எந்தச் சத்தம் ஆகாது, வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவார், சாதத்தில் குழம்பைக் கலக்கலாமா, தனியாக வைக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எந்தச் சான்றிதழிலும் இல்லாத இந்த விவரங்களைத்தான் புது இடத்து ஊழியர் முதல் நாளே கேட்பார்.